இன்டர்நெட்டில் முகவரிப் பஞ்சம்!

குட்டீஸ்... உங்கள் வீட்டுக்குக் கடிதம் வர வேண்டும் என்றால் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் எழுத வேண்டும் அல்லவா? இன்டர்நெட்டிலும் அப்படித்தான்!

நீங்கள் ஒரு வீடியோவைத் தட்டியதும், எங்கோ இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டர், அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள் இருக்கும். இந்த முகவரியைத்தான், 'ஐ.பி. எண்' என்கிறோம்.

இதற்கான விதிகளின் நான்காம் பதிப்பு, 1981ல் வெளியானது. அமெரிக்காவின் 'ஆர்பாநெட்' வலைப்பின்னல், 1983, ஜனவரி 1ல் அதற்கு மாறியது. இந்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. கம்ப்யூட்டர்கள் மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், இதுவே ஏராளம் என நினைத்தனர்!

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. போன், டிவி, கேமரா என எல்லாமே முகவரி கேட்கத் தொடங்கின. சில சர்வர்களுக்குள், கண்காணிப்புக்கென்றே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். சர்வர் உறங்கிவிட்டாலும், இது விழித்திருக்கும்; வேறு ஊரில் இருக்கும் இன்ஜினியர், இதன் வழியாக சர்வரை மீண்டும் இயக்கலாம். அதற்கும் தனி முகவரி வேண்டுமே!

கடைசியில், 2011, பிப்ரவரி 3ல், உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த முகவரிகள் தீர்ந்தே போயின.

அப்படியானால், இன்டர்நெட் ஏன் நிற்கவில்லை? அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் வரும் கடிதங்களை காவலாளி வாங்கி, வீடு வீடாகக் கொடுப்பார் அல்லவா? அதுபோல, வீட்டில் உள்ள 'ரவுட்டர்' வெளியே ஒரே முகவரியைக் காட்டி, உள்ளே எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால், வெளியில் இருந்து ஒரு கருவியை நேராக அழைப்பது சிரமம்.

நிரந்தரத் தீர்வுதான், ஆறாம் பதிப்பு. இதன் முதல் விதிமுறை, 1995லேயே வெளியானது. பழைய முகவரியின் நீளம், 32 பிட். புதியது, 128 பிட். நான்கு மடங்குதானே என்று நினைக்காதீர்கள்! ஒரு பிட் கூடினாலே, எண்ணிக்கை இரட்டிப்பாகும். அதனால், இதில் உள்ள மொத்த முகவரிகளை எழுத, 39 இலக்கங்கள் தேவை!

கூகுளின் பொதுச் சேவை ஒன்றுக்கு இரு முகவரிகளும் உள்ளன. பழையது: 8.8.8.8. புதியது: 2001:4860:4860::8888. நடுவில் உள்ள இரட்டை '::' குறி, அங்கே பூஜ்யங்கள் வரிசையாக இருப்பதைச் சுருக்கிக் காட்டுகிறது.

ஒரு சிக்கல்... பழைய முறை மட்டும் தெரிந்த கருவியும், புதியது மட்டும் தெரிந்த கருவியும் நேரடியாகப் பேச முடியாது. எனவே, பல கருவிகள் இரண்டையும் கற்று வைத்துள்ளன. புதிய முறைக்கு வேகமாக மாறிய நாடுகளில், இந்தியாவும் ஒன்று!

ஐந்தாம் பதிப்பு எங்கே?
ஒலி, ஒளி அனுப்பும் ஒரு சோதனை முறைக்கு, 5 என்ற எண்ணை ஏற்கனவே கொடுத்து விட்டனர். அதனால்தான், 4க்குப் பின், 6!

நீங்களே பாருங்கள்!
வீட்டு வைபையில் இணைந்த போனின் செட்டிங்சில், ஐ.பி. எண்ணைப் பெரியவர் துணையுடன் தேடுங்கள். 192.168 என்று தொடங்கினால், அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். '::' அல்லது ':' குறியுடன் நீளமான எண்ணும் இருந்தால், உங்கள் போன் ஆறாம் பதிப்பையும் அறிந்தது!