கூரைக்குள் உருகும் உப்பு

பங்குனி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளிகளில் கூரையே மனிதனுக்குப் பகையாகிவிடுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் இங்கு வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டியது நினைவிருக்கும். அந்நாள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழமர்ந்து கொலுசு பற்றவைத்த வெள்ளிப் பட்டறைத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். கையருகே தீச்சுடர், தலைக்கு மேலே தகிக்கும் தகடு. சுடர் அலையும் என்பதால் விசிறியையும் தாராளமாகச் சுழலவிட இயலாது. நாமக்கல் பண்ணைக் கோழிக்கோ வியர்வைச் சுரப்பியே இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரைக்க இரைக்கக் குருதியிலுள்ள கரியமிலவாயு குறைகிறது. தீனி உண்பதும் குறைகிறது. முட்டை ஓடு மெலிகிறது. கூரையின் வெம்மை இவ்வாறு முட்டையின் ஓட்டிலே போய் எழுதப்படுகிறது!

மின்சாரமின்றித் தானாகவே வெப்பத்தை ஏற்றும் இறக்கியும் கட்டடத்தைக் காக்கும் பொருள்கள் இன்று உருவாகியுள்ளன. ஆங்கிலத்தில் இவற்றை 'ஸ்மார்ட்' பொருள்கள் என்பர். தமிழில் 'சூட்டிகைப் பொருள்' என்கின்றனர் சிலர். சூடு தணிக்க வந்த பொருளுக்குச் 'சூட்டிகை' என்று பெயர் வாய்த்தது சொல்லாக்க உலகின் இனிய விபத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. இவற்றுள் வெப்பத்திற்கேற்பத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் கண்ணாடிப் பூச்சுகளும் உண்டு. வனேடியம் டைஆக்சைடு என்னும் சேர்மம் 68 பாகையில் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கத் தொடங்கும். சிறிது டங்ஸ்டன் கலந்தால் அந்த வரம்பு அறைவெப்பநிலை வரை இறங்கும். ஆயினும் நம் ஊருக்கு நெருக்கமான கதை உப்பின் கதைதான்.

பனிக்கட்டி முழுதும் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. ஏற்கும் வெப்பமெல்லாம் உருகுதற்கே செலவாகிறது. பள்ளியில் நாம் பயின்ற உள்ளுறை வெப்பம் இதுவே. கால்சியம் குளோரைடு உப்பு நீரோடு இணைந்த படிகநிலையில் 29 பாகையை ஒட்டி உருகுகிறது. ஒரு கிலோ உருக ஏறத்தாழ 190 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. அதே வெப்பத்தை ஒரு கிலோ கான்கிரீட்டுக்குக் கொடுத்தால் அதன் சூடு 200 பாகை அளவுக்கு ஏறிவிடும். ஆகவே பகலில் உருகி வெயிலை வாங்கிக்கொண்டு, இரவில் உறைந்து அதனைக் குளிர்ந்த காற்றுக்குத் திருப்பித் தரும் உப்பைக் கூரையில் வைத்தால் என்ன?

இவ்வழியில் முன்னோடி, ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கஸ் என்னும் அம்மையார். 1948இல் அமெரிக்காவின் டோவர் என்னும் ஊரில், கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட் வடிவமைத்த வீட்டில், சோடியம் சல்ஃபேட் உப்பைக் கலன்களில் நிரப்பிக் குளிர்காலத்துக்கென வெயிலைச் சேமித்தார். சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பலமுறை உருகி உறைந்ததில் உப்பு அடியில் படிந்து பிரிந்துபோக, முயற்சி நின்றது. உப்புக்கு நினைவாற்றல் குறைவு போலும்!

அவருக்கு வேண்டியது கதகதப்பு. நமக்கு வேண்டியது தண்மை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பசுபதி, வேல்ராஜ் ஆகியோர் இதனை நம் தட்பவெப்பத்தில் சோதித்து, 2008இல் ஆய்வுரை வெளியிட்டனர். கால்சியம் குளோரைடோடு சிறிது சோடியம், பொட்டாசியம் குளோரைடுகளும் நீரும் சேர்த்து, 26 முதல் 28 பாகையில் உருகும் கலவையை எஃகுத் தகட்டுப் பேழையில் அடைத்தனர். கூரையின் கான்கிரீட் பலகைக்கும் மேலுள்ள செங்கல் சல்லித் தளத்துக்கும் இடையே அதனை வைத்தனர். பேழையில்லாத மற்றோர் அறை ஒப்பீட்டுக்கு இருந்தது.

இடர் எங்கே வந்தது தெரியுமா? கோடையின் உச்சத்தில் இரவும் வெந்து கிடப்பதால், உருகிய உப்பு உறைவதற்கு வழியில்லை. உறையாத உப்பு மறுநாள் வெயிலை எப்படி விழுங்கும்? உண்டது செரியாதவன் மறுவேளை உண்ண முடியாதது போலத்தான். அதனால் அவ்வாய்வாளர்கள் இரண்டு அடுக்குகளைப் பரிந்துரைத்தனர். மேலடுக்கின் உருகுநிலை, கோடை விடியற்காலைக் காற்றின் வெப்பத்தினும் 6, 7 பாகை கூடுதலாக இருக்கவேண்டும். அப்போதுதான் அது இரவில் தவறாது உறையும். கீழடுக்கு அறையின் வெப்பத்தை நிலையாக வைக்கும். சித்திரை இரவுகளில் புழுங்கித் தவிக்கும் நம் ஊருக்கு இந்தத் திருத்தமே உயிர்நாடி. வெளிநாட்டிலிருந்து வரும் பேழை எதுவாயினும், அதன் உருகுநிலையைக் கேட்காமல் வாங்குவது வீண்.

கோழிப்பண்ணைக்கும் பட்டறைக்கும் இது பொருந்துமா? பொருந்தாதென்றே கருதுகிறேன். மெல்லிய தகட்டுக் கூரை பேழையின் எடையைத் தாங்காது, விலையும் தாங்காது. அங்கே வெண்மையே துணை. 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் பேரியம் சல்ஃபேட் கொண்டு உருவாக்கிய வண்ணம், வெயிலில் 98.1 விழுக்காட்டைத் திருப்பிவிட்டது. அத்துடன் கூரையின் சூட்டை 8 முதல் 13 மைக்ரான் அலைநீளக் கதிர்களாக விண்வெளிக்கே அனுப்பிவிடும். வானம் தெளிந்திருந்தால் நண்பகலிலும் கூரை சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது.

அத்தகைய வண்ணம் கிட்டாத பண்ணையாளர் தகட்டின்மேல் சுண்ணாம்பு அடிக்கிறார், தென்னங்கீற்றைப் பரப்புகிறார். சுண்ணாம்பும் கணிசமான வெயிலைத் திருப்பவே செய்கிறது. ஆனால் புழுதி படிந்தால் அதன் வெண்மை மங்கும். ஒரு மழையில் கரைந்தோடும். எனவே மாசியிலேயே அடித்துவிட்டு, இடையில் மழை பெய்தால் மீண்டும் ஒருமுறை அடிக்கவேண்டும்.