மக்கு உரத் தேநீர்

மக்கு உரத் தேநீர் என்பது நன்கு மக்கிய உரத்தை நீரில் ஊறவைத்து, அதிலுள்ள நுண்ணுயிரிகளையும் நீரில் கரையும் சத்துகளையும் பிரித்தெடுத்த கரைசல் ஆகும். இது கம்போஸ்ட் டீ என்றும் அழைக்கப்படுகிறது. தேயிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. துணிப்பையில் உரத்தைக் கட்டி நீரில் தொங்கவிடும் முறையாலும், கரைசலின் பழுப்பு நிறத்தாலும் இப்பெயர் வழங்குகிறது. மண்ணில் ஊற்றவும் இலைகளில் தெளிக்கவும் இது பயன்படுகிறது.

ஒத்த கரைசல்கள்

மண்புழுப் படுக்கையின் வழியே நீரைச் சொட்டவிட்டுச் சேகரிக்கும் வெர்மிவாஷ், பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர், நெய் முதலியவற்றை நொதிக்கவைத்துச் செய்யும் பஞ்சகவ்யம், சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு சேர்ந்த ஜீவாமிர்தம் ஆகியவை தமிழக உழவர்கள் அறிந்தவை. பின்னிரண்டிலும் மூலப்பொருள் பச்சைச் சாணம். மக்கு உரத் தேநீரின் மூலப்பொருள் முழுமையாக மக்கிய உரம். இவ்வேறுபாடு பாதுகாப்பு தொடர்பானது என்பதைக் கீழே காணலாம்.

வகைகள்

காற்றூட்டாத முறையில் உரத்தை நீரில் இட்டு, அவ்வப்போது கலக்கி, ஒன்று முதல் இரண்டு வாரம் ஊறவைப்பர். காற்றூட்டும் முறையில் மோட்டார் மூலம் தொடர்ந்து காற்றைச் செலுத்தி, 24 முதல் 36 மணி நேரத்தில் கரைசலைத் தயாரிப்பர். அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர் எலைன் இங்காம் இரண்டாம் முறையைப் பரவலாக அறியச் செய்தார்.

செயல்படும் விதம்

உரத் துகள்களில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றுக் குமிழிகள் அவற்றைப் பிரித்து நீரில் கலக்கின்றன. கரைந்த சத்துகளை உண்டு அவை பெருகும்போது நீரிலுள்ள ஆக்சிசனையும் செலவழிக்கின்றன. செலவு வரவை மிஞ்சினால், ஆக்சிசன் இல்லாத நிலையில் வாழும் நுண்ணுயிரிகள் பெருகிக் கரைசல் நாறத் தொடங்கும்.

வெப்பம் இங்கே முக்கியமானது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்துவைக்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் கூடும்போது நுண்ணுயிரிகளின் ஆக்சிசன் தேவையோ அதிகரிக்கிறது. எனவே குளிர்நாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றாமல், நம் கோடைக்காலத்தில் வாளியை நிழலில் வைத்து, ஊறும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தயாரிக்கும் முறை

20 லிட்டர் வாளி ஒன்று, மீன்தொட்டிக்குப் பயன்படும் காற்று மோட்டார், காற்றுக் கற்கள், மெல்லிய துணிப்பை ஆகியவை தேவை.

1. வாளியில் 15 லிட்டர் நீர் ஊற்றவும். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்திருந்து பயன்படுத்தவும். குளோரின் நன்மை செய்யும் உயிரிகளையும் கொன்றுவிடும்.
2. காற்றுக் கற்களை அடியில் வைத்து மோட்டாரை இயக்கவும்.
3. மண் வாசனை வீசும், கருமையான மக்கு உரம் ஒரு லிட்டர் அளவு எடுத்து, பையில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடவும்.
4. 24 மணி நேரம் கழித்து முகர்ந்து பார்க்கவும். மண் வாசனை இருந்தால் கரைசல் தயார். அழுகல் நாற்றம் வந்தால் பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது.
5. வடிகட்டிய கரைசலைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும். புட்டியில் அடைத்துச் சேமிக்கலாகாது.
6. வாளி, குழாய், கற்களை உடனே தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தவும்.

பயன்படுத்துதல்

வேர்ப்பகுதியில் செடிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை ஊற்றலாம். மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுவது நல்லது. இலைகளில் தெளிப்பதானால் மாலையில், இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளிக்க வேண்டும். கடும் வெயில் நுண்ணுயிரிகளை அழித்துவிடும்.

பாதுகாப்பு

கரைசலில் நன்மை செய்யும் உயிரிகள் மட்டுமே பெருகும் என்று எண்ணக் கூடாது. உரத்தில் ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் சிறிதளவு எஞ்சியிருந்தாலும், வெல்லம் அல்லது வெல்லப்பாகு சேர்க்கும்போது அவையும் பெருகக்கூடும். அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தரநிர்ணய வாரியத்தின் பணிக்குழு 2004ஆம் ஆண்டு அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. ஆகவே வீட்டில் தயாரிப்போர் வெல்லத்தைத் தவிர்ப்பது நல்லது.

உரக்குவியல் 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாட்கள் சூடேறி, கிளறிவிடப்பட்டு மக்கியிருந்தால் கிருமிகள் பெருமளவு அழிந்திருக்கும். மண்புழு உரம் இவ்வாறு சூடேறுவதில்லை. பச்சைச் சாணத்தைத் தேநீருக்குப் பயன்படுத்தவே கூடாது. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாக உண்ணும் பகுதிகளில் தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுவதே பாதுகாப்பானது.

பயனும் வரம்பும்

இக்கரைசலில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை குறைவாகவே உள்ளன. எனவே இது அடியுரத்துக்கு மாற்றாகாது.

நோய்க்கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, 1980களில் செருமனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றூட்டாத உரச்சாற்றைத் திராட்சையின் அடிச்சாம்பல் நோய் முதலியவற்றுக்கு எதிராகச் சோதித்து நல்ல விளைவுகளைக் கண்டனர். இலைப்பரப்பில் நோய்ப்பூஞ்சைக்கு இடமும் உணவும் கிடைக்காமல் செய்வது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. எனினும் பின்வந்த ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. உரம், நீர், வெப்பம், நேரம் ஆகியவை மாறும்போது கரைசலின் தன்மையும் மாறுவதால், ஒருமுறை கிடைத்த பலன் மறுமுறை கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது.

மாணவர்களுக்கான சோதனை

ஒரே அளவுள்ள 15 தொட்டிகளில் ஒரே வகை மண் நிரப்பித் தக்காளி நாற்று நடவும். ஐந்து தொட்டிகளுக்கு வெறும் நீரும், ஐந்துக்குத் தேநீரும் ஊற்றவும். மீதி ஐந்துக்கு, தேநீருக்கு எடுத்த அதே அளவு உரத்தை நேரடியாக மண்ணிலிட்டு நீர் ஊற்றவும். வாரந்தோறும் உயரம், இலைகளின் எண்ணிக்கை, நோய் அறிகுறி ஆகியவற்றைக் குறித்துவரவும். மூன்றாம் பிரிவு மிகவும் தேவையானது. அது இல்லாவிட்டால், பலன் தேநீராக்கியதால் வந்ததா, உரத்தால் மட்டுமே வந்ததா என்று பிரித்தறிய முடியாது. உரத்தை நேரடியாக இட்ட செடிகளே செழித்தால், மோட்டாரும் மின்சாரமும் இல்லாமலே தோட்டத்தை வளப்படுத்தலாம் என்பது அச்சோதனை தரும் பாடமாகும்.