மெய்நிகர் கணினிக் காப்புநகல்

மெய்நிகர் கணினிக் காப்புநகல் என்பது ஒரு மெய்நிகர் கணினியின் வன்தட்டுக் கோப்புகளையும் அமைப்புக் கோப்புகளையும் வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்து வைப்பதாகும். மூல வழங்கி பழுதடைந்தால் இப்படியைக் கொண்டு அக்கணினியை மற்றொரு வழங்கியில் மீட்டெடுத்து இயக்கலாம்.

ஸ்னாப்ஷாட்

விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் எடுக்கும்பொழுது மூல வன்தட்டுக் கோப்பில் எழுதுவது நிறுத்தப்பட்டு, பின்னர் நிகழும் மாற்றங்கள் தனிக் கோப்பில் எழுதப்படுகின்றன. மூலக் கோப்பு அழிந்தால் இத்தனிக் கோப்பினால் பயனில்லை. ஆகவே ஸ்னாப்ஷாட் மட்டும் காப்புநகல் ஆகாது. காப்புநகல் மென்பொருள்கள் படியெடுத்து முடியும்வரை மட்டுமே அதனைப் பயன்படுத்திப் பின்னர் நீக்கிவிடுகின்றன. 2009இல் வெளியான வீஸ்பியர் 4இல், முந்தைய காப்புநகலுக்குப் பின் மாறிய பகுதிகளை மட்டும் படியெடுக்கும் வசதி அறிமுகமானது.

மீட்டெடுத்தல்

தரவுத்தளம் இயங்கும்பொழுது படியெடுத்தால் நினைவகத்தில் மட்டும் உள்ள தரவுகள் விடுபடக்கூடும். எனவே அவற்றை முதலில் வன்தட்டில் எழுதச் செய்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகலை நம்ப இயலாது. சோதனைக்காக மீட்கப்படும் கணினி மூலக்கணினியின் ஐபி முகவரியையே கொண்டிருக்குமாதலால், அதனைத் தனித்த வலையமைப்பில் இயக்குதல் நன்று.