தோட்ட மண்ணுக்குச் சமையல் சோடா ஏற்றதா?

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் கனமழையால் சுண்ணாம்புச் சத்து கரைந்தோடி, மண் அமிலத்தன்மை அடைகிறது. இதைப் போக்க வீட்டுத் தோட்டங்களில் சிலர் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுவதுண்டு. இதனால் அமிலத்தன்மை குறைவது உண்மையே. ஆனால் 100 கிராம் சோடாவில் சுமார் 27 கிராம் சோடியம் உள்ளது. தொடர்ந்து இட்டால், இந்தச் சோடியம் களித் துகள்களைப் பிரித்துவிடும். மண் நனைந்தால் சேறாகும், காய்ந்தால் இறுகும், நீர் கீழே இறங்காது. களர் நிலத்தின் குறையும் இதுவே.

எனவே மண்ணைப் பரிசோதித்து, அமிலத்தன்மை மிகுந்திருந்தால், பரிந்துரைக்கப்பட்ட அளவு சுண்ணாம்புத்தூள் அல்லது டோலமைட்டை விதைப்புக்கு 2 அல்லது 3 வாரங்களுக்கு முன் தூவிக் கொத்திவிடவும். அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பொலபொலப்பாக்கும். சமவெளி மண் பெரும்பாலும் நடுநிலையோ காரத்தன்மையோ உடையது. அங்கு பரிசோதனையின்றி எதையும் இட வேண்டாம்.