தீவில் வளர்ந்த காலம் – 14: ராமேஸ்வரக் கோபுரமும் எங்கள் பனையும்

மடுவுக்குப் போன பயணம் சென்ற வாரத்தோடு முடிந்தது. பாலம் உடைந்த கதையும் ரயில் நின்ற கதையும் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் எங்கள் தீவின் எருக்கலம்பிட்டி ஊரைப் பற்றி என்று சொல்லியிருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஓர் எண் கையில் சிக்கியது. பக்கம் வியாழன் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையே மறக்கடித்துவிட்டது அது.

323 மீற்றர். ராமேஸ்வரத்தில் நிற்கிற தூர்தர்ஷன் கோபுரத்தின் உயரம். இந்தியாவிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் அதுதான். 90களில் மன்னார்த் தீவின் பேசாலையில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு உலகம் என்று ஒன்று வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்தக் கோபுரத்தின் வழியாக. அதன் உயரம் தெரிந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன்.

பூமி உருண்டை. ஆகவே எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் ஓர் எல்லைக்கு அப்பால் கடல் இறங்கி மறைந்துவிடும். கோபுர உயரத்தை மீற்றரில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 3.57 ஆல் பெருக்கினால் கண்ணுக்கெட்டும் தூரம் கிலோமீற்றரில் வரும். தொலைக்காட்சி அலை காற்றில் சற்று வளைந்து போவதால் அதற்கு 4.12 ஆல் பெருக்க வேண்டும். 323க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 18. பெருக்கினால் 74. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் 50 கிலோமீற்றர் அளவு. பேசாலை 60. மன்னார் பட்டினம் 70ஐத் தாண்டும். கோபுரத்தின் வீச்சு முடிகிற இடத்தில்தான் எங்கள் தீவும் முடிகிறது!

அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் வழி இருந்தது. நம்முடைய பக்கத்தில் அன்ரனாவை உயர்த்தினால் அந்த உயரத்துக்கும் இதே கணக்கு உண்டு. 12 மீற்றர் உயர்த்தினால் இன்னும் 14 கிலோமீற்றர் கூடும். முருங்கன் ராமேஸ்வரத்திலிருந்து 90 கிலோமீற்றருக்கு மேல். அங்கே வீட்டுக்கூரையில் அன்ரனா வைத்தால் போதாது, மரத்தில்தான் ஏற்ற வேண்டும். கணக்கு ஒன்றும் தெரியாமலே ஊர் முழுவதும் அதைத்தான் செய்தது. பனை எதற்கெல்லாம் உதவும் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஒடியல், பனாட்டு, கிழங்கு, ஓலை என்று எல்லோரும் எழுதுவோம். அன்ரனாவை ஒருவரும் எழுதியதில்லை.

எங்கள் வளவில் நின்ற பனைகளில் ஒன்று சீவுகிற பனை. சீவுகிற ஐயா காலையும் மாலையும் ஏறுவார். அவர் ஏறுகிற மரத்திலேயே அன்ரனாவைக் கட்டுவது என்று அப்பா தீர்மானித்தார். காரணம், உப்புக்காற்று. அலுமினியக் கம்பி சில மாதங்களிலேயே வெள்ளை பூத்துப்போகும். றிபன் வயரைப் பூட்டுகிற ஆணி துருப்பிடித்து இறுகிவிடும். மாரிக்கு வாடைக்காற்று திருப்பிவிடும், சோளகம் வேறு பக்கமாகத் திருப்பிவிடும். ஒவ்வொரு முறையும் சரிசெய்ய ஆள் பிடித்து ஏற்றுவதைவிட, நாள்தோறும் ஏறுகிறவர் போகிற போக்கில் பார்த்துக்கொள்வது நல்லது. இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியும் தொங்க, மேலே போய் வட்டுக்குள் காலை ஊன்றிக்கொண்டு ஐயா கீழே பார்த்துக் கேட்பார்.

"தம்பி, இப்ப எப்பிடி?"

"புள்ளி புள்ளியா இருக்கு ஐயா. கொஞ்சம் கோயில் பக்கமாத் திருப்புங்கோ."

"இப்ப?"

"ஆள் தெரியுது. சத்தம் இல்லை."

ஒரு கையால் மட்டையைப் பிடித்தபடி, மறுகையால் குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். வள்ளம் கட்டுகிற நைலோன் கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கியிருப்போம். சத்தமும் வந்துவிட்டால் இறங்கும்போது கேட்பார், "இண்டைக்கு என்ன படம்?" ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு அவருக்கென்று ஒரு பாய் விரித்து வைத்திருப்பார் அம்மா.

கொழும்புத் தொலைக்காட்சி எங்களுக்கு ஏன் எட்டவில்லை என்பதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ரூபவாஹினியின் பெரிய ஒளிபரப்பி இருப்பது பிதுருதலாகலை உச்சியில். இலங்கையின் மிக உயர்ந்த மலை, 2,524 மீற்றர். அவ்வளவு உயரத்திலிருந்தும் அலை 207 கிலோமீற்றர்தான் வரும். பேசாலை அங்கிருந்து 250 கிலோமீற்றர். அந்தக் குறையை நிரப்பத்தான் வன்னியில் கொக்காவிலில் ஓர் அஞ்சல் கோபுரம் இருந்தது. அதைக் காவல்காத்த இராணுவ முகாம் 1990 ஜூலையில் விழுந்தது, கோபுரமும் போயிற்று. அந்த இடத்தில் மறுபடி ஒரு கோபுரம் எழுந்தது 2011இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளைத்தான் நாங்கள் பிள்ளைப்பருவம் என்கிறோம்.

1990ஐ அடுக்கிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஜூனில் சண்டை மூண்டது, தலைமன்னார் ரயில் நின்றது. ஜூலையில் கொக்காவில். அதே வருடம் தீவின் பாலமும் உடைந்தது. தண்டவாளம், தார்வீதி, வானலை என்று நாட்டோடு தீவைப் பிணைத்திருந்தவை ஒரே வருடத்தில் அறுந்தன. மேற்கே கடல் மட்டும் திறந்து கிடந்தது.

ராமேஸ்வரக் கோபுரம் 90களின் நடுவில்தான் வந்தது. அதற்கு முன்னும் தூர்தர்ஷன் பார்த்தோம், கொடைக்கானல் மலையிலிருந்து. தூரம் 300 கிலோமீற்றருக்குக் கிட்ட. எந்தக் கணக்குக்கும் அது கட்டுப்படாது. ஆனாலும் சித்திரை, வைகாசியில் வரும். வெயில் காலத்தில் கடலுக்கு மேலே ஈரமான குளிர்காற்று படிந்துகிடக்க, அதற்கு மேல் தரையிலிருந்து வந்த சூடான காற்று மூடிபோல நிற்கும். அலை அந்த மூடிக்குக் கீழே அகப்பட்டு, மேலே தப்பிப் போகாமல் கடலோடு கடலாக வந்து சேரும். காற்று எழும்பி அந்த அடுக்கைக் கலைத்துவிட்டால் படம் போய்விடும். இதன் விளக்கத்தைப் பிற்காலத்தில் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. ரீவியில் படம் பளிச்சென்று விழுந்தால், "கடல் தணிஞ்சு கிடக்கு, விடிய வலை விடலாம்" என்பார். மற்றவர்கள் பாட்டுப் பார்த்த பெட்டியில் அவர் காற்றைப் பார்த்தார்.

பார்த்தவற்றைப் பட்டியல் போட இங்கே இடமில்லை. வெள்ளி இரவு ஒலியும் ஒளியும். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் நாங்கள் கண்ணால் காணாத ஆறுகளும் வாய்க்கால்களும். ஜுனூன் தொடரின் அந்த விசித்திரமான தமிழை வகுப்பில் பேசி அடி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் 1996 மார்ச் 17ஐ மட்டும் சொல்லாமல் விடமுடியாது.

லாகூரில் உலகக்கிண்ண இறுதிப் போட்டி. இலங்கை, அவுஸ்திரேலியா. எங்கள் ஒழுங்கையில் கறுப்புவெள்ளைப் பெட்டி ஒன்றுதான், அது ஓடுவது கார் பற்றரியில். அவுஸ்திரேலியா 241 அடித்து முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பற்றரி இறங்கும்போது கறுப்புவெள்ளைப் பெட்டியில் ஒன்று நடக்கும். படம் ஒரேயடியாக நின்றுவிடாது, நாலு பக்கமும் சுருங்கும். முதலில் ஓரத்தில் ஒரு கறுப்புக் கரை, பிறகு அது அகலமாகும், கடைசியில் அரவிந்த டி சில்வா ஒரு தபால் முத்திரை அளவில் நின்று துடுப்பைச் சுழற்றுவார். அவர் எழுபதைத் தாண்டிய நேரத்தில் ஒழுங்கைக் கடைசியில் நின்ற உழவு இயந்திரத்திலிருந்து பற்றரியைக் கழற்றி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மாற்றிப் பூட்டியதும் படம் விரிந்தது, ஆள் நூறைத் தாண்டியிருந்தார். ஆட்டமிழக்காமல் 107. இலங்கை ஏழு விக்கெட்டால் வென்றது. சுற்றிவளைப்பும் சோதனையும் நாளாந்தம் நடந்த ஊரில், அந்த நாட்டின் வெற்றிக்கு நாங்கள் கத்தினோம். இதைப் பற்றி வெளிநாட்டிலிருக்கிற நண்பர்களோடு இன்றும் வாதாடுகிறேன். பன்னிரண்டு வயதில் நாங்கள் கத்தியது அரவிந்தவின் ஆட்டத்துக்கு. அதற்காக எவரும் வெட்கப்படத் தேவையில்லை என்பது என் துணிபு.

அதே ஆண்டு மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணிநேரம் பின்னுக்கு இழுத்தது. அந்த அரை மணி வித்தியாசம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. புலிகள் தங்கள் பகுதியில் அதை ஏற்கவில்லை. ஆகவே உயிலங்குளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் புது நேரம், அந்தப் பக்கம் பழைய நேரம். பழைய நேரமும் இந்திய நேரமும் ஒன்று. ராமேஸ்வரத்தில் ஏழரை என்றால் அந்தப் பக்கத்து அடம்பனிலும் ஏழரை, பேசாலையில் எட்டு. அடம்பனிலிருந்து பாஸ் எடுத்து வந்த எங்கள் மாமா கை மணிக்கூட்டை மாற்றவே மாட்டார். "நிகழ்ச்சிக்கு என்ர மணிதான் சரி" என்பார். சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மாமாவின் ஊரில் ரீவி பார்ப்பது கனவு. அங்கே டோர்ச் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டார்கள். இரவில் பிபிசி தமிழோசை தொடங்கினால் ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காது கொடுப்பார்கள். சுற்றுகிற பையன் களைத்தால் செய்தியும் களைக்கும். எங்கள் வீட்டில் வெரித்தாஸ் வானொலியும் இருந்தது. மணிலாவிலிருந்து வந்த தமிழ். கத்தோலிக்கக் குடும்பங்களில் அது குடும்பச் செபத்துக்கு அடுத்தபடி.

எங்களுக்கு முந்திய தலைமுறையில் இது மறுபக்கமாக நடந்தது. இலங்கை வானொலியைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் ராமநாதபுரத்துத் தேநீர்க் கடைகள் குரலை வைத்தே அடையாளம் கண்டன. அப்போது இங்கிருந்து அங்கே போன குரலுக்கு, 90களில் அங்கிருந்து இங்கே வந்த படம் கைமாறாக வந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 80களில் நின்றுபோனது. இரண்டு கரையும் அலைவழியாக மட்டும் பேசிக்கொண்டன.

கப்பல் நின்றதே தவிர, சனம் போவது நிற்கவில்லை. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவில் படகேறி, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பதிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த வழியில் கடலோடு போய்விட்டவர்களும் உண்டு. எங்கள் அன்ரனா திரும்பி நின்ற திசையும் அவர்கள் போன திசையும் ஒன்றுதான். வகுப்பில் ஒரு நாற்காலி காலியானால் ஆசிரியர் காரணம் கேட்கமாட்டார்.

இங்கே வந்துதான் எருக்கலம்பிட்டியில் நிற்கிறேன். 1990 அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் வகுப்பில் காலியான நாற்காலிகள் வேறு வகை. அவர்கள் மேற்கே போகவில்லை. தாங்களாகப் போகவும் இல்லை. வடமாகாணத்திலிருந்து புலிகள் வெளியேற்றிய 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களில் எங்கள் தீவின் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் அடக்கம். வள்ளங்களில் தெற்கே கல்பிட்டிக்குப் போனார்கள். இதை ஒரு கோபுரக் கதையின் வாலில் ஒட்டி முடிக்க எனக்கு மனமில்லை. அடுத்த வாரம் பக்கம் முழுவதும் அவர்களுக்கு.

எருக்கலம்பிட்டியில் பிறந்து இன்று புத்தளத்திலோ கல்பிட்டியிலோ இருக்கிறவர்கள், அல்லது திரும்பி வந்து குடியேறியவர்கள், இதை வாசித்தால் திங்கட்கிழமைக்குள் இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். எந்தக் கரையில் ஏறினீர்கள், வள்ளத்தில் என்ன கொண்டுபோனீர்கள், எதை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் சொல்லிலேயே அச்சிடுகிறேன்.