எட்டு மணி நேரம் தூங்க முடியலையா? பயம் வேண்டாம்!



"எட்டு மணி நேரம் தூங்கலைன்னா மாரடைப்பு வருமாமே மேடம், டிவியில சொன்னாங்க?" திருநின்றவூர் பகுதிக் குழுக் கூட்டங்களுக்குப் போனால் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூர் கம்பெனிக்கு ஓடும் பெண்ணுக்கு எட்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்? தூக்கம் குறைவது போதாதென்று பயமும் சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு தூக்கம் தேவை?

பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. வருடக்கணக்கில் குறைவாகத் தூங்குகிறவர்களிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதிகம் காணப்படுவது உண்மை. அவர்களில் பலருக்கு வறுமை, கவலை, வேறு நோய்களும் இருக்கும். எதனால் எது வந்தது என்று பிரிப்பது சுலபமில்லை. கைக்குழந்தை அழுததால் நாலு நாள் தூக்கம் கெட்டால் மாரடைப்பு வந்துவிடாது.

நம் சென்னையில் நடந்த ஆய்வு

பிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2021-ல் வெளியானது. கையில் வாட்ச் போன்ற கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். சுமார் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும், அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். இடையிடையே விழிப்பு வந்துகொண்டே இருந்தது.

சிலருக்கு ஆலோசனையும், கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி போன்றவையும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் ஒரு மாத ஆய்வில் வேலைத்திறனோ மன நிம்மதியோ கூடவில்லை. இன்னொரு பிரிவினரை மதியம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் தூங்க விட்டார்கள். அவர்களுக்கு வேலைத்திறன், கவனம், மன நிம்மதி எல்லாம் கூடின. அந்த அரை மணி நேர வேலை போனதால், இடைவேளை இல்லாமல் உழைத்தவர்களைவிட வருமானம் சற்றுக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதனால் இரவுத் தூக்கம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எத்தனை மணி நேரம் படுத்தோம் என்பதைவிட, கலையாமல் தூங்கினோமா என்பதைப் பாருங்கள்.

நம்மால் செய்யக்கூடியவை

1. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
2. சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம்.
3. கொசுவலை கட்டுங்கள். விளக்கையும் செல்போனையும் அணைத்துவிடுங்கள்.
4. தூக்கம் வராவிட்டால் மணியைப் பார்த்துப் புரளாதீர்கள். எழுந்து சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, தூக்கம் வரும்போது படுங்கள்.
5. முடிந்தவர்கள் மதியம் அரை மணி நேரம் கண் அயரலாம். இரவில் தூக்கமே வராதவர்கள் பகல் தூக்கத்தைக் குறைக்க வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் நீடித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மனக்கவலை அதிகமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. "பட்டப்பகல்ல படுத்துத் தூங்குறா பாரு" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். ஆண்கள் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் ஓய்வு, நாம் சாய்ந்தால் சோம்பேறித்தனமா? கடைசியாகப் படுத்து முதலில் எழுவது வீட்டில் எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. இரவுப் பாத்திரத்தையும் காலைத் தண்ணீரையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டால், நமக்குத் தூக்கம் தானாகக் கூடும். இதை அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள், வீட்டிலும் பேசுங்கள்.