நான்கு உள்ளங்கை ரப்பர்

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலை ஒன்று உண்டு. தித்தி கெராவாங் அருவியை ஒட்டி வளைந்து வளைந்து ஏறி இறங்கும். காலையில் காய்ந்து கிடக்கும் தார், பிற்பகல் மழை பிடித்தால் பத்தே நிமிடத்தில் ஓடையாகிவிடும். அந்த ஈரத்தில்தான் ஒருநாள் என் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டரின் பின்பக்கம் என் பிடியை விட்டு நழுவியது. வேகமாகப் போகவில்லை. எதிரே வண்டி வரவில்லை என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டயரைக் குனிந்து பார்த்தேன். டயரின் கோலத்தை மலாய்க்காரர்கள் ‘புங்ஙா தாயார்’ என்பார்கள், டயரின் பூ. தேய்ந்து வழவழப்பானதற்கு ‘போத்தாக்’, அதாவது வழுக்கை. என் டயரின் பூ கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அப்படியே இருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். அப்புறம் ஏன் வழுக்கியது? விடை பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருந்தது: 2411. 2011ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் வார்த்த டயர். நான் அதைக் கடையில் புதிது என்று வாங்கி மாட்டியபோதே அதற்கு ஆறு வயது. வண்டியை வாரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பேன். அதனால் பூ தேயவில்லை, ரப்பர்தான் செத்துப்போயிருந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் ஆபத்து இது. அன்றாடம் ஓடும் மைவி காரின் டயர் கிழடாவதற்கு முன்பே தேய்ந்துவிடும். ஆசைக்கு வைத்திருக்கும் வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். தேய்ந்ததைக் கண் பார்த்துவிடும். கிழடானதைப் பார்க்காது.

ரப்பர் ஏன் சாகிறது என்று என் பாட்டிக்குத் தெரியும், வேதியியல் பெயர்கள் தெரியாமலே. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் இருட்டில் தலைவிளக்கோடு போவார்கள். குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மங்கில் சேர்ந்த பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். தகடு வெயிலில் கிடக்கக் கூடாது. கிடந்தால் பிசுபிசுத்துப் பாழாகும், விலை போகாது. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன என்று ஆய்வகம் சொல்வதும் அதையேதான்.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி, அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போடும் வழியைக் கண்டார். அந்தக் கட்டு இருப்பதால்தான் டயர் வெயிலில் இளகுவதில்லை. ஆனால் டயர் ஆலையைவிட்டு வெளியே வந்த பிறகும் உள்ளே வேதியியல் நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சூடும் காற்றும் பட்டு மேலும் மேலும் கட்டுகள் விழுகின்றன, ரப்பர் இறுகிக்கொண்டே போகிறது. இதைத் தடுக்க ஆலையிலேயே மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளிந்தால்தான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நிறுத்தியே வைத்த வண்டியில் அது நடக்காது. பினாங்கின் வெக்கையில், பிற்பகல் 32 டிகிரியில், எல்லாமே இன்னும் விரைவு.

இறுகிய ரப்பர் ஏன் வழுக்க வேண்டும்? தார்ச்சாலையைக் கிட்டப் பார்த்தால் ஒரே மேடுபள்ளம். மென்மையான ரப்பர் அந்தக் கற்களின் இடுக்குகளில் வழிந்து இறங்கிக் கவ்விக்கொள்கிறது. இறுகியது மேடுகளின் முனையில் மட்டும் உட்கார்ந்து தாண்டிப் போகிறது. தண்ணீரும் சேர்ந்தால் பிடிக்க ஒன்றுமே இல்லை.

2013 நவம்பர் 30 அன்று, ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்களின் நாயகன் பால் வாக்கர் கலிபோர்னியாவில் போர்ஷே கரேரா ஜிடி கார் விபத்தில் இறந்தார். அவர் பயணியாகத்தான் உட்கார்ந்திருந்தார். விசாரணையாளர்கள் முதன்மைக் காரணம் என்று சொன்னது அளவுமீறிய வேகத்தை. கூடவே இன்னொன்றையும் பதிவு செய்தார்கள்: அந்தக் காரின் டயர்களுக்கு ஒன்பது வயது. காரை எப்படிப் பராமரித்தாலும் ரப்பருக்கு அது ஒரு பொருட்டில்லை. பத்தாண்டு ஆனதும் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடு என்கிறது மிஷெலின்; ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவர் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் தட்பவெப்பத்துக்கு ஆறாண்டைக் கடந்த டயரோடு நான் மலை ஏறமாட்டேன்.

இனி அளவு. என் வண்டி 1989இல் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பெயரில் உலகுக்கு அறிமுகமானது. ஜப்பானில் விற்றபோதுதான் யூனோஸ். 1.6 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 950 கிலோ எடை. ஆலை போட்டுக் கொடுத்த டயரின் பக்கத்தில் 185/60 ஆர் 14 என்றிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. இங்கே 111 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 14 ரிம்மின் அங்குலம். ரிம்மின் 355.6 மில்லிமீட்டரோடு மேலும் கீழும் 111ஐச் சேர்த்தால் முழு விட்டம் 577.6.

இந்த எண்ணைத்தான் கைவிடக் கூடாது. கியரும் வேகமானியும் இந்த விட்டத்தை நம்பித்தான் அமைந்திருக்கின்றன. இப்போது 14 அங்குலத்தில் கிடைப்பவை பெரும்பாலும் சிறு குடும்பக் கார்களுக்காகச் செய்தவை. நெடுநாள் உழைக்கும், எண்ணெய் மிச்சமாகும். வளைவில் துடிப்பு இருக்காது. அதனால் பலர் 15 அங்குல ரிம்முக்கு மாறுகிறார்கள். 195/50 ஆர் 15 போட்டால் 381 கூட்டல் 195, ஆக 576. ஒன்றரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு, வண்டிக்குத் தெரியவே தெரியாது. கடையில் இருக்கிறது என்பதற்காக 205/55 ஆர் 15 போட்டுக்கொண்டால் 606.5, வேகமானி 100 காட்டும்போது வண்டி 105இல் ஓடும், சக்கர வளைவில் உரசவும் கூடும். காகிதமும் பென்சிலும் போதும். கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அகலமான டயர் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பினேன். இதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் நானும் சேர்த்து 1,020 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 255 கிலோ. அந்த எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்று. மாஸ்டா சொல்லும் அழுத்தம் 26 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. டயரை அகலமாக்கினாலும் அழுத்தம் அதேயானால் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும். காய்ந்த சாலை வளைவில் அது நல்லதுதான். மழையில் அதே அகலம் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கும், சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியானால் லெபோ பசாரில் பார்க்கிங் போடும்போது தோள்பட்டையும் அதைச் சொல்லும்.

ஒட்டும் வகை டயர்களிலும் இதே கதைதான். யோகோஹாமா அட்வான் நியோவா, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை சூடேறினால் பசைபோலப் பிடிக்கும், 195/50 ஆர் 15 அளவில் வருகின்றன. பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்கு அவை உரியவை. ஆனால் 35 வயது வண்டியின் ரப்பர் புஷ்களும் வீல் பேரிங்குகளும் அந்தப் பிடிக்காக வடிவமைத்தவை அல்ல. இன்னொன்று, இவை பிடிக்கும்வரை பிடித்துவிட்டு, விடும்போது சட்டென்று விடும். என் வண்டியை வடித்தவர்கள் குதிரையும் வீரனும் ஓருடலாவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற சொல்லை மனத்தில் வைத்து வேலை செய்தவர்கள். குதிரை நழுவப்போகிறது என்றால் முன்கூட்டியே இடுப்பில் தெரிய வேண்டும். மெல்ல மெல்லப் பிடி தளர்ந்து எச்சரிக்கும் டயர்தான் அதைத் தரும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 3 போன்ற, ஈரச்சாலையை முதலில் நினைத்துச் செய்த ஸ்போர்ட் டயர்களையே நம் தீவுக்கு நான் தேர்வேன். பக்கச்சுவரில் ‘டிராக்‌ஷன்’ என்ற சொல்லுக்கு அருகே ஏஏ அல்லது ஏ என்றிருந்தால் ஈரத்தில் பிரேக் பிடிப்பதில் தேறியது. ‘டிரெட்வேர்’ எண்ணை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிடாதீர்கள். அதை ஒவ்வொரு நிறுவனமும் தானே அறிவித்துக்கொள்கிறது.

எம்ஜிபி போன்ற இன்னும் பழையவற்றுக்கு 165 ஆர் 14 வேண்டும். பைரெல்லியின் கொலெசியோனே போல, பழைய பூவும் புதிய ரப்பருமாக வார்த்தெடுக்கும் வரிசைகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வடக்கில் இருக்கும் நமக்கு ஒரு வாய்ப்பு. கமுந்திங்கில் டோயோ டயர் வார்க்கிறது. பக்கத்தில் செய்து வேகமாக விற்கும் அளவானால் கடைக்கு இளமையாகவே வரும். அரிதான அளவோ கடையின் மேல் அடுக்கில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். மலிவு விலை என்று அதை முதலில் இறக்கிக் காட்டுவார்கள். “அண்ணே, மாட்டுறதுக்கு முன்னாடி நாலு டயர் தேதியையும் காட்டுங்க” என்று கேளுங்கள். முழு எண் ஒரு பக்கச்சுவரில்தான் இருக்கும், மாட்டியபின் அது உள்பக்கம் போய்விட்டால் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளியை மிச்சம் பிடிக்க இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால் போகட்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். ஆனால் இலகுவான பின்சக்கர இயக்க வண்டிக்கு நான்கையும் ஒரே வகையில் மாற்றுவதே என் பழக்கம், வீல் அலைன்மென்ட்டும் அன்றே.

புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழுவழுப்பு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள். காற்று பிடிப்பது காலையில், டயர் சூடாகுமுன். எண்ணெய் நிலையத்து மானிகள் இங்கே கிலோபாஸ்கலில் காட்டும். முன்னால் வந்துபோன கார்க்காரர் 220இல் விட்டுப் போயிருப்பார். என் சின்ன வண்டிக்கு 180 போதும்.